பார்லி படுத்துக்கொண்ட பிற்பகல்

பார்லிக்கு இடுப்பு போய்விட்டது என்பது நெஸ்டாவுக்குக் கோடைக்காலத்திலேயே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாயைக் கொண்டுபோய்விடுவார்கள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சல் நெஸ்டாவின் இரண்டு காதையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. பேச்சு மிச்சம் இருந்தது. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். உதடு இல்லாத சத்தங்களுக்குத்தான் பார்லி. வாசல் மணியோ, நேரம் குறித்து வைத்தால் அடிக்கும் அடுப்படிக் கடிகாரமோ, முன்னறையில் கிடக்கும் கணவன் எம்ரிஸின் கைமணியோ, எது அடித்தாலும் ஓடி வந்து முன்னங்காலால் அவள் தொடையைத் தொடுவான். "என்னடா?" என்று அவள் கையை விரித்தால் சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப்போவான். புகைமணி அலறினால் மட்டும் கூட்டிப்போக மாட்டான். நெருப்பை நோக்கி ஆளை இழுத்துக்கொண்டு போகக் கூடாது அல்லவா? தொட்டுவிட்டு நின்ற இடத்திலேயே படுத்துவிடுவான். படுத்தான் என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். இராத்திரிக்குத் தலையணைக்கு அடியில் அதிரும் கருவி ஒன்று உண்டு. பகலுக்கு அவன்தான்.

பார்லியைப் பழக்கித் தந்த அமைப்புக்காரர்கள் கிழடு தட்டிய நாய்க்கு ஓய்வு கொடுத்துப் புது நாய் தருவார்கள். பழையதையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. தடை எம்ரிஸின் மார்பில் இருந்தது. சுரங்கத்தில் உழைத்த காலமெல்லாம் விழுங்கிய நிலக்கரித் தூசி நுரையீரலில் உட்கார்ந்துகொண்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் அவரை நாற்காலியைவிட்டு எழவிடாது. இந்த நெஞ்சுக்கு ஒரு நாயின் முடியே அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, புது நாய் வந்தால் பார்லி போக வேண்டும். பத்து வருடம் தன் காதாக இருந்தவனை யார் வீட்டுக்கோ அனுப்புவதா? நெஸ்டா அதை நினைத்தும் பார்க்க மாட்டாள்.

ஜனவரியில் ஹேசல் வந்தாள். அந்த அமைப்பிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்க வருபவள். நெஸ்டாவை முன்னறையில் எம்ரிஸுடன் உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக் கடிகாரத்தை அடிக்கவிட்டாள். பார்லி வந்தான், தொட்டான், கூட்டிப்போகாமல் நெஸ்டாவின் காலடியிலேயே படுத்துக்கொண்டான். நெஸ்டாவின் கை பழக்க தோஷத்தில் தின்பண்டத்துக்குப் பைக்குள் போயிற்று.

"இவன் ஏன் படுக்கிறான், நெஸ்டா?"

"வயசாயிடுச்சு, களைப்பு. நீயும் வந்ததுலேருந்து ஓட விட்டுக்கிட்டே இருக்கே."

"படுக்கிறது நெருப்புக்கு மட்டும்தான். கால் வலிக்குதுன்னு எல்லாத்துக்கும் படுத்து, நீங்களும் அதுக்குத் தீனி குடுத்தா, நெஜமாவே நெருப்பு புடிச்சா எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"என் நாயை எனக்குத் தெரியாதா? கண்ணைப் பாத்தே சொல்லிடுவேன்."

எம்ரிஸ் நாற்காலியில் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "நாப்பது வருஷமா என்கூட குடித்தனம் பண்றா. என் கண்ணைப் பாத்து ஒரு எழவையும் கண்டுபுடிச்சதில்ல. நாய் கண்ணு மட்டும் அம்மாவுக்குப் புரியுதாம்!" பிறகு ஹேசலிடம், "விட்டுடும்மா. ஈஸ்டர் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். இவனை அனுப்பிட்டா இவ மூஞ்சியை யாரு பாக்கிறது? நான்தானே பாக்கணும்," என்றார்.

ஹேசல் இளகிய மனசுக்காரி. அந்த வேலைக்கு அது ஆகாது. "ஈஸ்டர் வரைக்கும்தான். அதுவரைக்கும் படுத்தா ஒண்ணும் குடுக்காதீங்க, நெஸ்டா. கூட்டிட்டுப் போனா மட்டும் குடுங்க. சத்தியமா?"

"சத்தியம்," என்றாள் நெஸ்டா. ஒரு வாரம் காப்பாற்றினாள். வலியில் பின்னங்கால் நடுங்க நின்றுகொண்டு பார்லி அவளையே பார்த்தபோது மனசு கேட்கவில்லை. "படுத்துக்கடா ராசா" என்று அவளே சொல்லி, அவளே ஊட்டினாள். அன்பு என்றுதான் நினைத்தாள். அன்புதான், யார் இல்லையென்றது?

பிப்ரவரியில் ஒரு மழைப் பிற்பகல். எம்ரிஸுக்குப் பிடித்த உலர்திராட்சை ரொட்டியை இரும்புக் கல்லில் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தாள். வெண்ணெய் கருகும் புகை அவர் நெஞ்சுக்கு ஆகாது என்று நடைக் கதவை ஒருக்களித்து வைத்திருந்தாள். பார்லி மூக்கால் அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். தொடையைத் தொட்டான்.

"என்னடா?"

படுத்தான்.

கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் வைத்த நேரம் முடிந்திருந்தது. "தெரியுதுடா, தெரியுது. கடிகாரம்தானே?" என்று நிறுத்திவிட்டு, ரொட்டியில் ஒரு விள்ளல் போட்டாள். அவன் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்தான். அந்த இடுப்போடு எழுவது அவனுக்கு எவ்வளவு பாடு என்பது அவளுக்குத் தெரியும். மறுபடி தொட்டான், மறுபடி படுத்தான்.

"தின்னிப்பண்டாரம்! கீழ கெடக்கிறதைத் தின்னுட்டு அப்புறம் கேளு."

கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டாள். மூன்றாவது முறை அவன் நகம் பாவாடையைத் தாண்டித் தோலில் பதிந்தது. அதட்டுவதற்காகக் குனிந்தாள். அப்போதுதான் கதவிடுக்கில் கறுப்பாகப் புகை நுழைவதைப் பார்த்தாள்.

எம்ரிஸுக்கு சிகரெட்டை யார் கொண்டுவந்து கொடுத்தார்களோ தெரியாது. அந்தத் தெருவில் கொடுக்கக்கூடிய பழைய கூட்டாளிகள் நிறையப் பேர். ஆக்சிஜன் ஓடும் மூக்கருகே ஒரு தீக்குச்சி போதும். நெஸ்டா முன்னறைக் கதவைத் திறந்தபோது நாற்காலி மொத்தமும் எரிந்துகொண்டிருந்தது. அவர் கைமணியைப் பிடித்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டித் தூக்கிக்கொண்டு போனார். பார்லி அடுப்படியில் படுத்தபடியே இருந்தான். அவள் இன்னும் கிளம்பச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்தது. தீயணைப்புக்காரர்கள் மீட்டுக் கொடுத்த பார்லியோடு நெஸ்டா கார்டிஃப் நகரில் மகள் காரிஸின் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தாள் காரிஸ். "இனிமே எங்கயும் போகாதம்மா. எங்ககூடவே இரு," என்று அம்மாவின் கன்னத்தைப் பிடித்துச் சொன்னாள். நாய் மட்டும் அவள் கண்ணில் படக் கூடாது. அவளேதான் ஹேசலுக்குச் சொல்லி வரவழைத்தாள்.

"அந்தச் சனியனை இன்னிக்கே கொண்டுபோயிடுங்க. புகைமணி தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சாம். இதுக்குக் கேக்கலையா? எங்கப்பா வெந்துக்கிட்டு இருந்தப்போ அடுப்படியில ரொட்டி தின்னுக்கிட்டு கெடந்திருக்கு!"

"வயசான நாய். தப்பு எங்க பேர்லயும் இருக்கு," என்றாள் ஹேசல். நெஸ்டாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

நெஸ்டா சும்மா இருந்திருக்கலாம். நாய்க்கு மானம் ஏது, மரியாதை ஏது? பழியைத் தூக்கிக்கொண்டு போய் எங்காவது ஒரு கணப்படுப்பின் முன்னால் தூங்கும். தனக்கு மகள் மிஞ்சுவாள், அந்த மாடியறை மிஞ்சும். நெஸ்டா இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த அடுப்படி நினைவுக்கு வந்தது. விழுந்த விள்ளலைத் தொடாமல் எழுந்து வந்தவனை இவர்கள் தின்றான் என்கிறார்கள்.

"அவனுக்குக் கேட்டுச்சு," என்றாள். "வந்து சொன்னான். மூணு தடவை சொன்னான். நான்தான் தீனிக்கு வர்றான்னு திட்டினேன். படுத்தா நெருப்புன்னு அர்த்தம், காரிஸ். அதை நான்தான் கெடுத்து வச்சேன். ஹேசல் வேணாம்னுதான் சொன்னா."

காரிஸ் எழுந்தாள். ஜன்னலோரம் போனாள்.

காது போன நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் நெஸ்டாவுக்கு முதுகைக் காட்டிப் பேசியதில்லை. சண்டை என்றாலும் மூஞ்சியைப் பார்த்துத்தான். சின்ன வயதில் காரிஸ் அடம்பிடித்து அழும்போதுகூட, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அழுவாள். இப்போது ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். தோள்கள் குலுங்கின. நெடுநேரம் பேசினாள். பார்லி காதுகளைப் பின்னுக்கு மடக்கி மேஜைக்கு அடியில் ஒடுங்கினான்.

"என்ன சொல்றா?" என்று நெஸ்டா ஹேசலைக் கேட்டாள்.

ஹேசலுக்குக் கண் நிறைந்திருந்தது. குனிந்து நாயின் கழுத்தில் வாரை மாட்டினாள். நிமிர்ந்து, நெஸ்டாவுக்கு நன்றாகத் தெரியும்படி உதட்டை அசைத்தாள்.

"ஒண்ணுமில்ல, நெஸ்டா. ஒண்ணுமே சொல்லல."