சம்பந்தியம்மாவின் ஆமை

மண் டீச்சரிடம் திட்டு வாங்காதவர் இன்னும் மண்ணைத் தொடாதவர் என்று அந்த வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. பெயர் என்னவோ பீங்கான் வகுப்புதான். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் வாயைக் கேட்கத்தான் வருகிறார்களோ என்று அவள் புருஷனுக்கே சந்தேகம். கோணலாக வந்த குவளையைத் தூக்கிப் பார்த்து, இதில் தண்ணீர் குடித்தால் காதுக்குத்தான் போகும் என்பாள். அடி கனத்த கிண்ணத்தைக் கம்பியால் இரண்டாக அறுத்துக் காட்டி, கிண்ணம் கேட்டால் செங்கல்லைக் கொடுக்கிறாயே என்பாள். திட்டு வாங்கியவர் சிரித்துக்கொண்டே மண்ணை மறுபடி பிசைவார். அவள் சமையலும் அப்படித்தான். காரம் தூக்கல், வயிற்றுக்குக் கெடுதல் இல்லை.

அப்படிப்பட்டவளின் வாய்க்குப் பூட்டுப் போட வந்து சேர்ந்தார் சம்பந்தியம்மா. மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகி, கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவர் எதிரில் வாயைத் திறந்தவர்கள் யாரும் பேசுவதற்காகத் திறந்ததில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், நானும் கற்றுக்கொள்கிறேனே என்று ஒரு நாள் ஏப்ரனோடு வாசலில் நின்றார். வேண்டாம் என்று பெண்ணைப் பெற்ற எவள் சொல்வாள்?

சம்பந்தியம்மா சக்கரத்தில் ஏற்றிய மண் ஆடியது, தள்ளாடியது, கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தேவிட்டது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, ரொம்ப நன்றாக வருகிறது என்றாள். பக்கத்துச் சக்கரத்து வங்கிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படி ஒரு வார்த்தையை அந்த அறையில் கேட்டதே இல்லை. டீச்சர் என்ன செய்வாள்? மகள் வாழப் போகிற வீடு. தான் இங்கே ஒரு வார்த்தை தடித்துப் பேசினால், அது மகளுக்கு முன்னால் அந்த வீட்டுச் சமையலறைக்குப் போய் அவளுக்காகக் காத்திருக்கும் என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம்.

சக்கரம் ஒத்துவரவில்லை என்று சம்பந்தியம்மா கையாலேயே ஓர் ஆமை செய்யத் தொடங்கினார். கல்யாணப் பரிசாம். மகன் சின்ன வயதில் எல்லாவற்றிலும் ஆமை வேகம் என்பதால் அந்த யோசனை. செய்தி கேட்ட டீச்சரின் புருஷன், ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஆரம்பித்தார். அவள் முறைத்த முறைப்பில் பாதியிலேயே விழுங்கிக்கொண்டார்.

ஆமை அழகுதான். ஓட்டின் கட்டங்களைக் கூடப் பல்லைச் செதுக்குகிற நுணுக்கத்தோடு செதுக்கியிருந்தார். ஆனால் உள்ளே முழுக்க மண். அவ்வளவு கனமான மண் சூளைக்குள் போனால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். வெடித்தால் ஆமை மட்டுமா போகும்? வகுப்பே கண்காட்சிக்காகப் பாடுபட்டுச் செய்த ஜாடியும் தட்டும் அதே சூளையில்தான் வேகப் போகின்றன. வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே கம்பியை எடுத்திருப்பாள். இவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு ஆமையை மல்லாத்தி, வயிற்றைத் திறந்து, உள்மண்ணைச் சுரண்டி எடுத்தாள். மேலே ஒரு மண் தகட்டை ஒட்டி, ஆவி போவதற்குப் பென்சில் பருமனில் ஓர் ஓட்டையும் போட்டு, காயாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்துவிட்டாள். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வகுப்புக்குப் பிறகு பார்த்தால் ஓட்டையைக் காணோம். தடம்கூடத் தெரியவில்லை. தான்தான் மறந்தோமோ என்று இன்னொன்று போட்டாள். அதற்கடுத்த வகுப்பில் அதுவும் மாயம். பேய் வேலையா என்று யோசித்தவள், அடுத்த முறை ஓரக்கண்ணால் கவனித்தாள். சம்பந்தியம்மா ஆமையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, துளி மண்ணை உருட்டி ஓட்டைக்குள் வைத்து, ஊசியால் அழுத்தி, ஈர விரலால் வழித்துக்கொண்டிருந்தார். பொந்தைக் கண்டால் அடைத்தே பழகிய கை. சும்மா இருக்குமா?

தலை நிமிர்ந்த சம்பந்தியம்மா, "யாரோ வேணும்னே என் ஆமை வயித்துல ஓட்டை போடறாங்க. யாருன்னு விசாரிங்க" என்றார்.

வங்கிக்காரர் குற்றமே செய்யாமல் முழித்தார். டீச்சர் அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் அடக்கி வைத்த வாய் அதற்குமுன் திறந்துகொண்டது.

"நான்தான் போட்டேன். வயித்த கிழிச்சு மண்ண எடுத்ததும் நான்தான். நீங்க செஞ்சது ஆமை இல்ல, வெடிகுண்டு. ஓட்டையக் கண்டா அடைக்கத்தான் தெரியுமா? எதுக்கு இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? இத்தன பேர் உழைப்பையும் சேத்துல்ல சிதறடிக்கப் பாத்தீங்க!"

சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மகள் வாழ்க்கையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

சம்பந்தியம்மா ஊசியை மெல்லக் கீழே வைத்தார்.

"காப்பாத்தக்கூடிய பல்லா இருந்தாத்தான் ஒழுங்கா தேய்க்கலன்னு நான் திட்டுவேன். பிடுங்கப் போற பல்லுன்னா திட்டவே மாட்டேன், சிரிச்சுப் பேசி அனுப்பிடுவேன். நீங்க எல்லாரையும் திட்டிட்டு என்கிட்ட மட்டும் சிரிச்சீங்களா, சரி, நம்ம கேஸ் தேறாதுன்னு நெனச்சுட்டேன். வீட்டுக்குப் போய் அழுதிருக்கேன், தெரியுமா?"

மரியாதை என்று நினைத்து இத்தனை நாளும் இவரை ஒதுக்கியல்லவா வைத்திருந்தோம் என்று டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளைச் சம்பந்தியம்மா தடுத்தார்.

"அது கெடக்கட்டும். உங்க பொண்ணும் இப்படித்தான் முகத்துக்கு நேரா பேசுவாளா?"

பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, "என்னைவிட மோசம்" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்று சம்பந்தியம்மா ஆமையை அவள் பக்கம் தள்ளினார். "ஓட்டைய எங்க போடணும்னு காட்டுங்க, நானே போடறேன்."

சூளையிலிருந்து எல்லாமே முழுசாக வந்தன. ஆமையின் கழுத்து மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டது. அதற்காகச் சம்பந்தியம்மா வகுப்பே பார்க்க டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போன கையோடு வருங்கால மருமகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதைப் பெருமையாகச் சொன்னார்.