நீலக் கவுனின் இடது கை

அந்தத் தெருவில் பாதிப் பெண்களின் அளவு தையல்காரிக்கு மனப்பாடம். ஆனால் கணவனின் அண்ணன் மனைவியான மூத்த ஓர்ப்படியின் வாயை அளக்க மட்டும் அவளிடம் இருந்த டேப் போதவில்லை.

மாமனாரின் பிறந்தநாளன்று கூடம் நிறைய ஆட்கள் இருந்தபோது, அந்த மகராசி தையல்காரியின் குழந்தையைக் கூப்பிட்டு வண்ணக் காகிதமும் கத்திரியும் கொடுத்தாள்.

"வாண்டு, இந்தக் கோட்டு மேலேயே வெட்டிக் காட்டு, பாப்போம்."

வாண்டு மழலையர் வகுப்புப் பிள்ளை. கத்திரி பிடிக்க வரவில்லை, வீட்டில் பழக்குங்கள் என்று டீச்சர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அது தெரிந்துதான் ஓர்ப்படி கூப்பிட்டாள். கத்திரி கோட்டை விட்டு எங்கெங்கோ போனது.

"தையல்காரி பெத்த பொண்ணு! கத்திரி பிடிக்கவே தெரியல பாருங்க!"

கூடமே சிரித்தது. கட்டினவனும் சேர்ந்து பல்லைக் காட்டியதில் தையல்காரிக்கு வயிறு எரிந்தது. குழந்தை காகிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

மறுநாளே வீட்டில் பாடம் ஆரம்பமானது. பட்டன்களை நிறம் பிரித்து டப்பாக்களில் போடுவதும் நூல்கண்டுகளை எண்ணுவதும் வாண்டுக்கு விளையாட்டு. கத்திரியை எடுத்தால்தான் முகம் சுண்டிவிடும். தையல்காரி துண்டுத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, தலைக்கு மேலேயே நிற்பாள்.

"கோட்டைப் பாரு! கோட்டைப் பாருடி! உங்க பெரியம்மா மூஞ்சில கரி பூச வேணாமா?"

கத்திரி உடனே கோணிக்கொள்ளும். அவள் பிடுங்கி வேறு துணி கொடுப்பாள். அதுவும் கோணும்.

இப்படி இருக்கும்போதுதான் ஓர்ப்படி கருநீல வெல்வெட் துணியோடு வந்து நின்றாள். அவளுடைய கல்யாண நாள் விருந்துக்கு முழுக்கை வைத்த கவுன் வேண்டுமாம்.

"அளவாத்தான் வாங்கியிருக்கேன், துளி மிஞ்சாது. கடையிலயும் தீந்துபோச்சு. பாத்து வெட்டு." வாசல்வரை போனவள் திரும்பினாள். "உன் பொண்ணு கைக்கு எட்டாம வை!"

சிரித்துக்கொண்டே போனாள். தையல்காரியும் சிரித்தாள். வழியை அவளே காட்டிவிட்டுப் போகிறாளே!

மற்ற எல்லாத் துண்டுகளையும் பிசிறில்லாமல் வெட்டி முடித்தாள். இடது கைக்கான துணியை மட்டும் மேஜைமேல் விரித்து, ஒப்புக்குத்தான் என்றாலும் அளவு பிசகாமல் கோடு போட்டு, வாண்டுவைக் கூப்பிட்டாள்.

"இதை வெட்டு கண்ணு. அம்மா அடுப்பைப் பாத்துட்டு வரேன்."

அடுப்பில் ஒன்றும் இல்லை. தையல்காரி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். 'ஐயோ அக்கா, நான் உள்ள இருந்தேன், குழந்தை விளையாட்டா வெட்டிருச்சு.' பச்சைப் பிள்ளையை யார் என்ன செய்ய முடியும்? விருந்தன்று அந்தச் சீமாட்டி பழைய துணியில் நிற்பதை நினைக்க நினைக்க நெஞ்சு குளிர்ந்தது. மேஜைப் பக்கம் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. நாசமாகட்டும் என்று நிதானமாகப் போனாள்.

துணி வெட்டி முடிந்திருந்தது, கோட்டின் மேலேயே. வளைவு வரும் இடத்தில், அம்மா செய்வதைப்போலவே மேஜையின் மறுபக்கம் போய், ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று வெட்டியிருந்தாள் வாண்டு.

தையல்காரிக்கு முதலில் வந்தது ஆத்திரம். பாழாகவில்லையே! அதன்பிறகுதான் உறைத்தது. குழந்தைக்கு வராது என்று ஓர்ப்படி சொன்னதை நம்பித்தான் அவளும் இவ்வளவு திட்டம் போட்டிருக்கிறாள். சொந்தப் பிள்ளை தோற்க வேண்டும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆனாலும் பழி அவளை விடுவதாக இல்லை. இது அதைவிட நல்ல பழியாயிற்றே என்று உட்கார்ந்து தைத்தாள்.

விருந்தில் ஓர்ப்படி கவுனைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "தோள்ல எப்படி உக்காருது பாருங்க!" என்று விருந்தாளிகளிடம் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இடது கை வாண்டு வெட்டினது, அக்கா" என்றாள் தையல்காரி, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

ஓர்ப்படியின் கை தூக்கிய இடத்திலேயே நின்றது. தையலைத் தடவிப் பார்த்தாள். தையல்காரிக்கு அந்த ஒரு நிமிஷம் தேனாக இனித்தது.

"நிஜமாவா வாண்டு?"

"ஆமா பெரியம்மா. நானே வெட்டினேன்." குழந்தைக்கு முகமெல்லாம் பெருமை. "அம்மா உள்ள போயிட்டாங்க, அதான் வந்துச்சு. பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்கும்."

ஓர்ப்படி தையல்காரியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.