குடையோடு மலையேறியவர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பெண் பார்ப்பது கோயிலில்தான். இரண்டு குடும்பமும் ஏதோ தற்செயலாகக் கண்டுகொண்டது போல நடிக்கும். கோயில் வீதி சுற்றும்போது மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பார், பெண் நிலத்தைப் பார்ப்பாள், மிச்சச் சனம் இருவரையும் பார்க்கும். என்னை அப்படி இரண்டு தரம் பார்த்தாயிற்று. முதலில் வந்தவர்கள் நிறம் போதாது என்றார்கள். அடுத்து வந்தவர்கள், பெட்டை பிரசாதம் வாங்கும்போது சிரித்தாள், வாய்க்காரியாக இருப்பாள் என்றார்கள். நான் வீடு வந்து கால் கழுவுமுன் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க அந்தக் கதை தெரிந்துவிட்டது.

வாய்க்காரி என்றது பொய்யில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு முன்னால் நின்று கத்தினேன்.

“அவை என்னைப் பாத்து வேண்டாமெண்டு சொல்லலாம். நான் ஒருத்தரைப் பாத்து ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்லக்கூடாதோ? நான் என்ன சந்தையிலை வைச்ச கத்தரிக்காயோ?”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா ரயில்வேயில் பெரிய கிராணி, எழுத்தர்களுக்கெல்லாம் மேலே. வீட்டில் அதிகம் பேசமாட்டார். சுருட்டைக் கடைசிவரை இழுத்து முடித்தார்.

“சரி நேசம்மா. அடுத்த முறை நீ ஓமெண்டு சொன்னால்தான் நான் வெத்திலை மாத்துவன்” என்றார்.

எங்களுக்குள் வெற்றிலை மாற்றிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பேச்சு மாறினால் இரண்டு வீட்டாரும் வெளியே தலைகாட்ட முடியாது. அந்த முடிவை என் வாயில் விட்டாரே என்று எனக்கு அன்றைக்கு நித்திரையே வரவில்லை.

போன மாதம் மூன்றாவது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தூரத்தில், காட்டுக்குள் இருக்கிற லிப்பிஸில் ரயில்வே உத்தியோகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோலாலம்பூரில் நிற்பார். இந்த முறை கோயில் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்பாங்குக்கு மேலே மலைக்குள் ஓர் ஏரி இருக்கிறது, பட்டணத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் போகிற ஏரி. உல்லாசமாக நடக்கப் போவது போலப் போவோம், பிடிக்காவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது என்றார்.

“அவருக்கு என்ன பேர் அம்மா?” என்று கேட்டேன்.

“வெத்திலை மாத்தும்வரைக்கும் பேரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ரெண்டு தரம் சனத்தின்ரை வாயாலை நாவூறு பட்டது காணும். நீ வாயை வைச்சுக்கொண்டு பேசாமல் வா” என்றாள் அம்மா.

அம்பாங்கில் வாடகைக் காரை விட்டு இறங்கியபோது அவர்கள் மூன்று பேர் நின்றார்கள். ஒரு வயதான அம்மா. முன்மயிர் கொட்டிய, கறுப்புக் குடை பிடித்த ஒருவர். உயரமாக, கட்டுச்சோற்றுக் கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். யார் யாரென்று எவரும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் நாவூறு பட்டுவிடுமே! குடைக்காரர் நேரே அப்பாவோடு சேர்ந்துகொண்டு, கிளந்தானுக்குப் போடுகிற தண்டவாளத்தைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினார். தாய்மாமன் என்று நினைத்தேன். பென்ஷன் கதைக்கிறவரை வேறென்ன நினைக்க?

வழி தண்ணீர்க் குழாயோடு கூடவே ஏறியது. பாசி பிடித்த கல், இரண்டு பக்கமும் பன்னச் செடி, மூங்கில் வளைந்து தலையில் முட்டும். எங்கேயோ குரங்குக் கூட்டம் ஊளையிட்டது. அம்மாவும் அந்த அம்மாவும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்கினார்கள். கூடைக்காரர் எனக்கு நாலு முழம் முன்னே நடந்தார். வழுக்குகிற இடம் வந்தால் நின்று, “இஞ்சை கால் வையாதேங்கோ, அந்த வேரிலை வையுங்கோ” என்றார்.

ஓடையைத் தாண்டியதும் என் குதிகாலில் அட்டை. நான் போட்ட கூச்சலில் மூங்கிலில் இருந்த பறவையெல்லாம் பறந்தது. அவர் கூடையை இறக்கி, உப்புப் பொட்டலத்தை எடுத்து, என் காலைத் தொடாமல் உப்பை மட்டும் தூவினார். அட்டை சுருண்டு விழுந்தது.

“சத்தம் நல்லாயிருக்கு. லிப்பிசிலை ரயில் ஊதத் தேவையில்லை” என்றார்.

“அங்கை அட்டை இருக்கோ?” என்றேன்.

“அட்டை இருக்கு, பாம்பு இருக்கு, மழை இருக்கு. எங்கடை சனம்தான் இல்லை. தமிழ் கதைக்க ஆளில்லாத இடத்திலை உங்களாலை இருக்கேலுமோ?”

“கதைக்கிறதுக்கு வீட்டிலை ஒராள் இருந்தால் காணும்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே முகம் சுட்டது.

அவர் சிரித்தார். தங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது, முற்றத்தில் செவ்வரத்தை பூத்து நிற்கிறது, சமையல்காரன் வைக்கிற குழம்பு வாயில் வைக்கேலாது என்றார். புத்தகம் படிப்பேனா என்று கேட்டார். கோபம் வருமா என்று கேட்டார்.

“வரும். நல்லா வரும்” என்றேன்.

“அப்ப சரி” என்றார்.

ஐயோ, அந்த ‘அப்ப சரி’! என்னைக் கறுப்பு என்றவர்களும் வாய்க்காரி என்றவர்களும் அந்த மூங்கிலுக்குள் எங்கேயோ தொலைந்து போனார்கள். எனக்கு அவரைப் பிடித்தது. அவ்வளவுதான், வேறு எப்படிச் சொல்ல?

ஏறி முடிந்ததும் ஏரி சட்டென்று முன்னால் விரிந்தது. சுற்றிவர மலை, நடுவில் கரும்பச்சைத் தண்ணீர், அதன்மேல் புகார் மூட்டம். கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டோம். அவர் கரையோரம் போய்ச் சாப்பிட்ட இலைகளை ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தபோது அம்மா என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அப்பா கேக்கிறார். பெடியனைப் பிடிச்சிருக்கோ?”

நான் கரையோரத்தைப் பார்த்தேன். “ஓம்” என்றேன்.

“வடிவாச் சொல்லு. பிறகு மாத்தக்கூடாது.”

“ஓமம்மா. எனக்கு நல்ல சம்மதம்.”

அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு ஓடினாள். சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்த வெற்றிலையும் பாக்கும் வெளியே வந்தன. அப்பாவும் அந்த அம்மாவும் கை மாற்றினார்கள். அந்த அம்மா திரும்பி, “ராசா, வா. மாமாவின்ரை காலிலை விழு” என்றார்.

குடைக்காரர் குடையை மடக்கிக் கல்லில் சாத்திவிட்டு வந்து, அப்பாவின் காலில் விழுந்தார்.

நான் இன்னும் கரையோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலைகளை ஒதுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்தபடி எழுந்து நின்றார்.

இறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அம்மா, நான் மற்றவரையெண்டு நினைச்சுத்தான் சொன்னனான்.”

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே குழாயின்மேல் குந்திவிட்டாள். “விசரி! மாப்பிள்ளை மாமனோடைதானே நடப்பார், அது தெரியாதோ உனக்கு? மற்றது தம்பிக்காரனடி.”

“பேரைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பனே! ஆரெண்டு ஒரு வார்த்தை சொன்னீங்களோ?”

அம்மா அழத் தொடங்கினாள். “என்ரை பிழைதான். ஆனால் இப்ப என்ன செய்யிறது? தமையனை வேண்டாம், தம்பி வேணுமெண்டு சொல்லுறதோ? அந்த ரெண்டு சகோதரமும் பிறகு ஒரு பந்தியிலை இருக்குமோ? அங்கை பார் அப்பாவை.”

பார்த்தேன். அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார், குடைக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு. அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. ‘என்ரை மகள் தானே ஓமெண்டு சொன்னவள்’ என்று இடையில் இரண்டு தரம் சொன்னார். அந்த மனிதரும் நல்லவர்தான். மழை தூறியதும் நின்று, குடையை அம்மாவிடம் கொடுத்து, பிள்ளைக்குப் பிடியுங்கோ என்று சொல்லிவிட்டுத் தான் நனைந்துகொண்டு போனார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கத்தவாவது வாய் வந்திருக்கும்.

நான் கத்தவில்லை. குடைக்குள் அழுதுகொண்டே மலை இறங்கினேன்.

தையில் கலியாணம். அந்த லிப்பிஸ் குவார்ட்டர்ஸில் அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் இருக்கிறார்களாம். தம்பி அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாராம். அதை அன்றைக்குக் கீழே கார் நின்ற இடத்தில் வைத்து அவரே சொன்னார்.

“அண்ணைக்குச் சரியான கூச்சம். கேள்வியெல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். நான் நல்லாக் கேட்டனோ, அண்ணி?”

நான் நிலத்தைப் பார்த்தேன். அம்மா பின்னால் நின்று என் முதுகில் விரலால் குத்தினாள். “பதில் சொல்லு பிள்ளை. இனி அவர் உன்ரை தம்பியெல்லே.”

அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்த முகத்தோடு, நான் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

“நல்லாக் கேட்டீங்கள், தம்பி” என்றேன்.