கம்பியை எடுத்தாச்சு

டிசம்பர் கடைசி வந்தால் வில்சனுக்கு மனசு இளகிவிடும். போன வருடமும் இளகியது. செண்பகத்தோப்பில் தன் மாந்தோப்பைச் சுற்றிக் காட்டுப்பன்றிக்காக இழுத்திருந்த கரண்டு கம்பியைப் புது வருடத்தில் எடுத்துவிடுகிறேன் என்று மனைவி எப்சியிடம் அடித்துச் சொன்னான். மாம்பூ வந்தது, காய் வந்தது, கம்பி மட்டும் போகவில்லை. ஆவணியில் ஒரு நாய் அதில் ஒட்டிக்கொண்டு செத்தது. வனத்துறைக்குத் தெரிந்தால் ஜெயில்தான் என்று பயந்து மோட்டார் ரூமுக்குப் பெரிய பூட்டாக வாங்கி மாட்டினான். கம்பியை எடுக்கத் தோன்றவில்லை, பூட்டு வாங்கத் தோன்றியது. என்ன புத்தியோ!

இந்த வருடக் கடைசி நாள். இராஜபாளையத்தில் எப்சியின் பிறந்த வீட்டார் போகும் சபையில் சாயங்கால நன்றி ஆராதனை. எப்சி வண்டியருகே காத்து நிற்க, மோட்டார் ரூமுக்குள் போனவன் சுவிட்சின் முன்னால் கொஞ்சம் தயங்கினான். வருசம் இன்னும் முடியலையே, இன்னைக்கு ஒருநாள்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லி, சுவிட்சைப் போட்டுப் பூட்டிவிட்டு வந்தான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருடக் கடைசியில் சாட்சி சொல்ல எழுகிறவர், செய்யப்போவதைச் செய்து முடித்ததாகவே சொல்ல வேண்டும். அதுதான் விசுவாசமாம். வீடு கட்ட நினைப்பவன் "கட்டிட்டேன்" என்பான், சபையே ஆமென் போடும். வில்சனும் எழுந்தான்.

"எங்க தோப்புல உசுரெடுக்குற ஒரு காரியம் இருந்துச்சு. அதை எடுத்துப் போட்டுட்டேன். இனிமே என்னால எந்த உசுருக்கும் கேடு வராது."

"ஸ்தோத்திரம்!" என்று சபை முழங்கியது. எப்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வில்சனுக்கே, நிஜமாகவே எடுத்துவிட்ட மாதிரி நெஞ்சு லேசானது.

ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் எல்லோருக்கும் டீயும் கேக்கும் கொடுத்தார்கள். எப்சி போனும் கையுமாக, சிரித்த முகத்தோடு வந்தாள்.

"தவசிமுத்து அண்ணன்கிட்ட சொல்லிட்டேங்க. பாவம், முழங்கால் வலியோட ஓடையச் சுத்தித்தானே போய்ட்டு வாராவ. கம்பிய எடுத்தாச்சு, இனிமே நம்ம தோப்பு வழியா குறுக்க போங்கண்ணேன்னு சொன்னேன்."

தவசிமுத்து தோப்பை ஒட்டிய வீட்டுக்காரர். அவருடைய ஆட்டுப்பட்டி தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"நீங்கதானே சாட்சி சொன்னீய! கெளம்பும்போது மோட்டார் ரூமுக்குப் போனீயளே, அதுக்குத்தானே?"

வில்சன் அவசரமாகப் போனை எடுத்து தவசிமுத்து நம்பருக்குப் போட்டான். அவர் மனைவி அழகுத்தாய் எடுத்தாள்.

"போனை வீட்ல வச்சிட்டு இப்பத்தான் டார்ச்சோட பட்டிக்குப் போறாவ தம்பி. வில்சன் நல்ல மனுசன், புது வருசத்துல நல்லா இருக்கணும்னு சொல்லிட்டே போறாவ. குறுக்கு வழிதானே, செத்த நேரத்துல வந்துருவாவ. நான் குழாயடிக்குக் கெளம்பிட்டேன், வச்சிருதேன்."

கரண்டு இருக்கு, ஓடிப்போயி நிப்பாட்டுங்க என்று தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் டீ டம்ளரோடு அத்தனை பேர்; இப்போதுதான் அவனுக்காக ஸ்தோத்திரம் சொன்னவர்கள். கேட்டுக்கு வெளியே போய்ச் சொல்லலாம் என்று நாலு எட்டு வைத்தான். பாவி, அந்த நாலு எட்டுதான்! அழகுத்தாய் போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பப் போட்டும் யாரும் எடுக்கவில்லை.

எப்சிக்கு அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துபோயிற்று. "அடப்பாவி மனுசா!" என்று எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை பின்சீட்டில் அவள் போனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். மலையடிவாரம் இருட்டிக் கிடந்தது. வில்சன் மோட்டார் ரூம் பூட்டைத் திறந்து சுவிட்சை அணைத்தான்.

"தவசிமுத்தண்ணே!"

பட்டியில் ஆடுகள் கத்தின. ஓடைப் பக்கம் புல்லில் ஒரு டார்ச் எரிந்தபடி கிடந்தது. அதன் வெளிச்சத்தில் ஒரு செருப்பு தெரிந்தது. வில்சன் அதை நோக்கி நடந்தான்.

புருசனைக் காணோமென்று தேடிவந்த அழகுத்தாய், கம்பியிலிருந்து தூக்கியெறியப்பட்டுக் கிடந்த அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை.

"எடுத்தாச்சுன்னு சொன்னீயளே தம்பி. எடுத்தாச்சுன்னுதானே சொன்னீய?"