குணமுள்ள வண்டி

எங்கள் கார் பத்திரிகையில் எந்த வண்டியையும் மட்டம் என்று எழுத முடியாது. விளம்பரம் நின்றுவிடும். அதனால் எங்களுக்கென்று ஒரு தனி அகராதி உண்டு. அதை ஒரு அட்டையில் எழுதி என் மேசை இழுப்பறைக்குள் ஒட்டியிருக்கிறேன். 'நிதானமான இன்ஜின்' என்றால் மேடு ஏறாது. 'அடக்கமான பின்னிருக்கை' என்றால் காலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். 'குணமுள்ள வண்டி' என்றால் எதுவுமே உருப்படியில்லை, சகித்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசி வரி 'நல்ல வண்டி'. ஓட்டியே பார்க்காமல், கம்பெனி அனுப்பிய தாளைப் பார்த்து எழுதினால் அப்படிப் போடுவோம்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குட்டி வேகன் வந்தது. அந்தக் காலத்து வண்டி மாதிரி இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டுச் செய்தது. முன்னால் இரண்டு உருண்டை விளக்கு, சுற்றிலும் பளபள வளையம், கதவில் மரப்பட்டை போல ஒரு ஸ்டிக்கர், பின்னால் ரொட்டிப் பெட்டி போல சதுரமாக ஒரு நீட்டல். அரை மணி நேரம் ஓட்டினேன். 'குணமுள்ள வண்டி' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கம்பெனிக்காரர்களுக்கு எங்கள் அகராதி தெரியாது. தெருவுக்குத் தெரு என் வரியைப் பலகையில் போட்டுவிட்டார்கள். ஜனங்களும் நம்பி வாங்கினார்கள். நான் திட்டிய வண்டி என் வாயாலேயே பதின்மூன்று வருடம் ஓடியது. இப்போது இரண்டு மாதத்தில் உற்பத்தியை நிறுத்தப் போகிறார்களாம். கடைசியாக ஒரு மதிப்பீடு வேண்டும் என்று கம்பெனியே கேட்டிருந்தது.

"நீங்கதானே அண்ணே தூக்கி விட்டீங்க, நீங்களே வழியனுப்பி வைங்க" என்று ஆசிரியர் சாவியை என் கையில் திணித்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நக்கல் மட்டும் என்னைவிடப் பெரியது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் மனைவி அந்த வண்டியைத்தான் வாங்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே பேச்சுதான். மழுப்பினால் விடமாட்டாள். அடுத்த மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். லென்ஸ் பெட்டி, எழுத்துப் பலகை எல்லாவற்றையும் ஏற்ற ஒரு வண்டி தேவை. ஷோரூமில் ஆலிவ் பச்சையில் ஒன்றே ஒன்று மிச்சம். சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரைதான் நிறுத்தி வைப்பார்கள்.

"நீங்களே பாராட்டி எழுதின வண்டிதானே?" என்றாள்.

ஊரே ஏமாந்தபோது வராத மனசாட்சி, சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றதும் கதவைத் தட்டியது. அவள் என் பொய்யை நம்பி மாட்டிக்கொள்ளப் போகிறாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நடு ரோட்டில் அவள் நிற்பாள். எப்படியாவது பன்னிரண்டு மணிக்குள் மனசை மாற்றிவிடலாம் என்று சனிக்கிழமை காலை மதிப்பீட்டு வண்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

"இன்ஜின் கொஞ்சம் நிதானம்" என்றேன்.

"எனக்கு என்ன ரேஸா?"

"பின் சீட்டு அடக்கமா இருக்கும்."

"பின்னாடி ஆளா உக்காரப் போகுது? பெட்டிதானே."

இருபது வருடம் சுற்றி வளைத்தே எழுதியதில், நேரான சொல் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. இந்த லட்சணத்தில் எனக்கு மூத்த விமர்சகர் என்று பட்டம் வேறு.

வண்டி மேம்பாலம் ஏறும்போது முக்கியது. நடுவில் இருந்த கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் ஓடியது. முன்கண்ணாடி ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண் அகலம். வலது பக்கம் ஒரு ஆட்டோவையே முழுங்கி மறைத்தது. அவள் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, தூணைத் தாண்டி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. மணி பதினொன்றரை ஆகியிருந்தது. இனியும் மென்று முழுங்க முடியாது.

"வண்டிய ஓரமா நிறுத்து. ஒண்ணு சொல்லணும்."

ஒரு மருந்துக்கடை முன்னால் நிறுத்தினாள்.

"குணமுள்ள வண்டின்னு எழுதினேன்ல, அது பாராட்டு இல்ல. எங்க ஆபீஸ்ல அதுக்கு வேற அர்த்தம்."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எதுவும் உருப்படியில்ல, சகிச்சுக்கணும். அதானே?"

எனக்கு அசடு வழிந்தது. யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்க அத எழுதின வருஷமே உங்க ஆபீஸ் ஆண்டு விழாவுல எல்லாரும் வீட்டு ஆளுங்கள மைக்குல அறிமுகப்படுத்தினீங்க. ஞாபகம் இருக்கா? என்னைக் காட்டி என்ன சொன்னீங்க?"

ஞாபகம் இருந்தது. 'இது என் மனைவி, ரொம்பக் குணமுள்ளவங்க' என்றேன். எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த மூன்று மேசையும் வெடித்துச் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"பாராட்டினதுக்கு ஏன் சிரிக்கிறாங்கன்னு புரியல. கை கழுவற இடத்துல உங்க லே-அவுட் பண்றவர் நின்னுட்டிருந்தார். கேட்டேன். அந்த அட்டைய முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் ஒப்பிச்சுட்டார். பாவம், நானும் கூடச் சிரிச்சதால எனக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சுட்டார்."

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. பதின்மூன்று வருடம் இவள் இதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், சட்டைக்குப் பட்டன் தைத்திருக்கிறாள், என் கண்ணுக்குப் பவர்கூட இவள்தான் பார்த்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் இந்த வண்டி?"

"என்னையும் அதையும் ஒரே வார்த்தையில தள்ளிவிட்டீங்க. அப்படி என்ன வண்டின்னு பாக்கத் தோணுச்சு. நாலு தடவ ஷோரூம் போய் ஓட்டிப் பாத்தேன். பன்னெண்டு குறை இருக்கு. தூண் மறைக்கும், மேடு ஏற அழும், அந்த மரமே மரமில்ல, ஸ்டிக்கர். ஆனா பெட்டி வைக்கப் பின்னாடி இப்படி ஒரு இடம் வேற எதுலயும் இல்ல. தெரிஞ்சுதான் வாங்கறேன்."

என் நோட்டில் ஆறு குறைதான் இருந்தது.

"மன்னிச்சுடு" என்றேன். "ஒரு சிரிப்புக்காகச் சொன்னது."

"சரி. இப்ப சிரிக்க ஆளில்ல. இப்ப சொல்லுங்க, நான் எப்படி?"

"நீ நல்லவ" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அது அட்டையில கடைசி வரி" என்றாள்.

ஓட்டியே பார்க்காமல் எழுதுவது. இவளுக்கு மேட்டில் எங்கே மூச்சு வாங்கும், எது மறைக்கும், எதைத் தாங்குவாள் என்று கேட்டால் ஒரு வரி எழுத என்னிடம் சரக்கு இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம்.

"எனக்குத் தெரியல" என்றேன். "இன்னும் பாக்கவே இல்ல."

அவள் சாவியைத் திருப்பினாள்.

"இதுல தெளிவா இருக்கு" என்றாள், இண்டிகேட்டரைப் போட்டு ஷோரூம் பக்கம் திருப்பியபடி.