கூப்பிட்டதும் கால் போன இடம்

பட்டு நெய்யும் பரசுராமன், தறிக்கு அடியில் கால் வைக்கும் தறிப்பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க எழுந்தாக வேண்டும். ஓடிப்போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து புடவையின் ஒரு பக்கக் கரைக்கு நூல் கோத்த நாடாவைத் தள்ளிக்கொடுக்கும் அவர் மனைவி அபிதகுசாம்பாள் அதுவரை வேலையை நிறுத்திக் காத்திருப்பாள். பாவம், அவளை ஏன் பேஜார் பண்ணுவது என்று மனுஷன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். பெரிய புத்திசாலி என்று நினைப்பு! போகும்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டதும் பயந்துபோய், ஜரிகை வாங்கி வருவதாக அவளிடம் ஒரு புளுகைச் சொல்லிவிட்டு ஆரணியில் வேலூர் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் இவாஞ்சலின் அவரைக் கையோடு அழைத்துப்போனாள். சிறுநீர்ப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு எங்கே போவது, என்ன செய்வது, டாக்டர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கூடவே இருந்து சொல்வதுதான் அவள் வேலை. ரத்தம், ஸ்கேன் எல்லாம் முடிந்தது. மிச்சம் ஒரே சோதனை. ஒரு புனலுக்குள் சிறுநீர் கழித்தால் வேகத்தை இயந்திரம் சொல்லிவிடும். அதைப் பார்த்துத்தான் மாத்திரையா ஆபரேஷனா என்று முடிவாகும். ஆபரேஷன் என்றதுமே பரசுராமன் விரல் விட்டு நாள் எண்ணினார். தறியில் பாதிக் கல்யாணப் புடவை நிற்கிறதே!

"தண்ணி குடிங்கய்யா. நல்லா முட்டினதும் சொல்லுங்க" என்றாள் இவாஞ்சலின்.

குடித்தார். முட்டியது. பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் புனலில் நாலு சொட்டு. மறுபடி குடித்தார், மறுபடி அதே கதை.

"இந்த அளவு பத்தாதுங்க. இன்னொரு நாள் வாங்க" என்றார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அன்பழகன்.

இன்னொரு நாளா? இன்னொரு புளுகுக்கு எங்கே போவது? இன்று விட்டால் தான் வரப்போவதில்லை என்று பரசுராமனுக்கே தெரியும்.

இவாஞ்சலின் விடவில்லை. "ஐயா, கூப்ட்டதும் நேரா உள்ளதானே போனீங்க?"

"இல்ல சிஸ்டர். எதிர்ல இருக்கிற பாத்ரூமுக்குப் போய்ட்டுதான்..."

"அய்யய்யோ! ஏங்கய்யா?"

"பள்ளத்துல எறங்கறதுக்கு முன்னாடி போய்ட்டு வந்துடணும். சின்ன வயசுலேர்ந்து அப்டித்தான். வேலைன்னு கூப்ட்டா கால் தானா அங்க போய்டுது."

இவாஞ்சலின் வாய்விட்டுச் சிரித்தாள். கொஞ்சம் கூச்சப்பட்டு அவரும் சிரித்தார்.

"சரி, இனிமே உங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றவள், அன்பழகனிடம் இயந்திரத்தைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பட்டுப் புடவையில கரை ஒரு கலர், உடம்பு ஒரு கலர் வருதே, எப்டிங்கய்யா?"

கேட்கலாமா இதை ஒரு நெசவாளியிடம்? பரசுராமன் தன் இரண்டு கைகளையே தறியாக்கி விளக்க ஆரம்பித்துவிட்டார். நடுநடுவே அவள் நீட்டிய தண்ணீரை என்ன ஏது என்று பார்க்காமல் குடித்தார். கரையும் உடம்பும் கோத்துக்கொள்ளும் இடத்துக்கு வந்தவர் பாதியில் நின்றார். முகம் மாறியது.

"சிஸ்டர்..."

"அதோ கதவு. நேரா!"

நேராகவே போனார். வெளியே வந்தபோது அன்பழகன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார். ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்காமல் எழுந்துவிட வேண்டும். ஆபரேஷன் இல்லை என்றதில் பரசுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத வீட்ல ஒருத்தர் கேக்கணுமே. அம்மாவுக்கு போன் போடுங்க" என்றாள் இவாஞ்சலின்.

அவர் திருதிருவென்று விழித்தார். புளுகு வெளியே வந்தது. அவளே போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அபிதகுசாம்பாளிடம் பக்குவமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையிலிருந்து கவலையோடு ஒரு கேள்வி வந்தது. "மாத்திரை சாப்ட்டா அடிக்கடி எழுந்து போக மாட்டாராம்மா?"

"படிப்படியா கொறஞ்சிடும்மா."

"அடக்கடவுளே! அவர் எழுந்து போற நேரத்துலதான் நான் முதுக நிமித்திகினு இருந்தேன்."

பரசுராமனுக்குச் சுருக்கென்றது. அவளைக் காக்கவைக்கிறோமே என்று தொண்டை வறண்டு கிடந்தாரே தவிர, அந்த முதுகை ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாரா?

போனை வாங்கிக்கொண்டார். "டாக்டரே எழுந்துக்கச் சொல்லிட்டாரும்மே. இனிமே ரெண்டு பேருமா எழுந்துக்கலாம்."

"தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாங்கல்ல?" என்றாள் அபிதகுசாம்பாள். குரலில் தெம்பு வந்திருந்தது. "ஜல்தி வாங்க. சொம்பு ரொப்பி வெக்கிறேன்."