கல்லுக்குக் கண் ஆபரேஷன்

பெயர்ச்சீட்டு இல்லாத அந்த ட்ரைலோபைட்டின் இனமும் கிடைத்த இடமும் இன்று தெரியாவிட்டால், நாளை அதைக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன கடல்பிராணி அது. கண்ணில் பதினெட்டு வரிசை குட்டி லென்ஸ் வில்லைகள் இருந்தால் வடக்குக் குவாரி இனம். பதினாறு என்றால் தெற்கு. அருங்காட்சியகக் காப்பாளர் எத்தனை முறை எண்ணினாலும் பதினேழுதான் வந்தது!

கண் டாக்டரான தங்கையை வரவழைத்தாள்.

"என்னக்கா, பேஷண்ட் வாயே திறக்க மாட்டாரா?" என்றபடி பூதக்கண்ணாடி வழியே குனிந்து பார்த்த தங்கை சிரித்தாள். "பளபளப்புக்கு யாரோ வார்னிஷ் பூசியிருக்காங்க. அது திரண்டு, புரை மாதிரி ஓரத்தை மூடியிருக்கு!"

நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்தாள். பதினெட்டாவது வரிசை பளிச்சென்று தெரிந்தது.

"ஆபரேஷன் சக்சஸ். பேஷண்டுக்கு வயசுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"போடி வாயாடி!" என்ற அக்கா, சீட்டை எடுத்து 'வடக்குக் குவாரி' என்று குண்டு குண்டாக எழுதினாள்.